முந்தி என்று ஒரு டிரைவ்

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் அப்படி இருக்கக் கூடாது. கட்டம் கட்டமாக யாளி வரையும்போது மட்டும் எங்கிருந்தோ பொறுமை வரும். மற்றபடி அவசரக் குடுக்கைதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு சி டிரைவ். விண்டோஸ் படுத்துவிட்டால் எல்லாம் போய்விடுமே என்று அதைச் சுருக்கி, புதிதாக இரண்டு டிரைவ் பிரித்தேன். "ரெண்டுக்கும் பேரு வெச்சு, சி-ல இருக்கறத பாத்து மாத்திடும்மா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேலையாக வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்று 'டிசைன்', இன்னொன்று 'முந்தி'. பரவாயில்லையே, முந்தி டிசைன்களைத் தனியாகப் பிரித்திருக்கிறாளே என்று மெச்சிக்கொண்டேன். சி டிரைவில் இருந்த வீட்டுப் படங்கள் எங்கே போயின என்று யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் காட்டியது. கஞ்சத்தனமாகச் சுருக்கியிருக்கிறேன். அதற்கு இடம் கொடுக்கப் பக்கத்து டிரைவை அழிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தது முந்தி. என் முந்தி டிசைன்கள் எல்லாம் பென் டிரைவிலும் இருந்தன. உள்ளே இருப்பது போய்விடும் என்று எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்தினேன். அந்த இடத்தை சி-யோடு சேர்த்து, கையோடு விண்டோஸ் அப்டேட்டும் போட்டேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். அவள் பிறந்த ஊரான முசரவாக்கத்தில் தம்பிக்கு முதல் வருஷத் தெவசம், ஒரு படத்தைப் பெரிதாக்க வேண்டும். அவன் பைக் விபத்தில் போனபின், உடைந்த போனிலிருந்து எடுத்த படங்கள் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன.

"முந்தி எங்கங்க?"

"பென் டிரைவ்ல இருக்குதும்மா."

செருகினாள். மயில், மாங்காய், மறுபடி மயில்.

"இது புடவ முந்திங்க. நான் வெச்சது, முந்தி... அவன் இருந்தப்போ."

விவசாயக் குடும்பத்துப் பெண். அவளுக்கு முந்தி என்றால் முன்பு. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர், "அழிச்ச எடத்து மேலயே புதுசா எழுதிக்கினு இருந்திருக்கீங்களே சார்" என்றார். மீட்டுக் கொடுத்த படங்களில் ஒன்றில்கூட முகம் முழுதாக இல்லை. குற்ற உணர்ச்சியில் அவளுக்கென்று இன்னொரு டிரைவ் பிரித்து, என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன்.

"என்னா வெச்சாலும் உங்களுக்குப் பொடவ தானே தெரியப் போவுது" என்றாள்.

அது இன்னும் பெயர் இல்லாமல் காலியாகவே இருக்கிறது.