பச்சை ஜன்னல்

ஜப்பான்காரர்கள் மலாயாவில் எங்கள் கிள்ளானுக்கு வந்த வருஷம், எங்கள் வீட்டின் தெருப்பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட வாப்பா முடிவு செய்தார். மழைச்சாரல் உள்ளே அடிக்கிறது என்பது எனக்குச் சொல்லப்பட்ட காரணம். சாரலுக்குப் பயந்து யாராவது ஜன்னலையே மூடுவார்களா என்று கேட்கும் வயதில் நான் இல்லை. எனக்கு ஏழு வயது.

அது ராத்தாவின் அறை. என் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவளுக்குப் பதினைந்து வயது. காய்ச்சல், வெளிக்காற்று ஆகாது என்று சொல்லி அவளை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்தார்கள். அந்தக் காய்ச்சல்காரி தினமும் என்னோடு பல்லாங்குழி ஆடி, தினமும் ஜெயித்தாள். அதுவும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

வேலைக்கு ஒரு கொத்தனாரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். சிமெண்ட் எங்கேயும் கிடைக்காத காலம். கொத்தனார் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஆற்றோரத்து மண்ணோடு கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்து, மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றப் போவதாகச் சொன்னார்.

"சிமெண்ட் எதுக்குக்கா? கஞ்சி ஊத்தினா போதும் லா. உங்க பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

அரிசி இல்லாமல் நாங்களே மரவள்ளியைத்தான் தின்றுகொண்டிருந்தோம். இருந்தாலும் உம்மா இரண்டு டின் மாவை எடுத்துக் கொடுத்தாள். ஒரு டின் சுவருக்குப் போயிற்று. மற்றொன்று கொத்தனார் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு நாளில் ஜன்னல் சுவராகிவிட்டது. வெளிப்பக்கம் வெள்ளையடிக்க நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வரவில்லை. சுவர் பூக்கத் தொடங்கியது.

முதலில் கோழிக்குஞ்சின் மயிர்போல ஒரு வெள்ளைப் படலம். ஊதினால் அசைந்தது. பிறகு அது பச்சையாயிற்று. பச்சையின் மேல் கடுகைத் தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். ஒரு மூலையில் மட்டும், எதற்கென்று தெரியவில்லை, பழுத்த பப்பாளியின் நிறம். உள்ளே பகலிலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நானும் ராத்தாவும் பார்ப்போம். வெளியே இன்னும் அழகு. பழைய வெள்ளைச் சுவரின் நடுவே, ஜன்னல் இருந்த அதே அளவில், நாலு ஓரமும் அளந்து வைத்ததுபோல ஒரு பச்சைச் சதுரம். அல்லாஹ் எங்கள் சுவரில் மட்டும் தோட்டம் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் தெருவில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பது என் வழக்கமாயிற்று.

உம்மா என்னை மூன்று முறை கொத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். முதல் முறை, அவர் மேரு பக்கம் வேலைக்குப் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னாள். இரண்டாம் முறை முதுகு பிடித்திருந்தது. மூன்றாம் முறை அவரே வாசலில் உட்கார்ந்து மரவள்ளி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "நாளைக்குக் கண்டிப்பா வரேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார்.

அந்த நாளைக்கு அவருக்குப் பதிலாக ஒரு ஜப்பான் சிப்பாய் வந்தான்.

தெருவில் நின்று சுவரை ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு லோரி வந்து நின்றது. இறங்கிய சிப்பாய் இளவயதுக்காரன். என்னைப் பார்த்தான், நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தான். விரலால் அந்தச் சதுரத்தின் நாலு ஓரத்தையும் காற்றில் வரைந்தான். இரண்டு கையாலும் ஜன்னல் கதவைத் திறப்பதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினான். எங்கள் சுவரை ரசிக்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் பலமாகத் தலையாட்டினேன். லோரியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். என் தலையைத் தட்டிவிட்டுப் போனான்.

ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"எப்படிக் காட்டினான்? திரும்பக் காட்டு புள்ள."

காட்டினேன். உம்மா திட்டவில்லை. எழுந்து நேராகக் கொல்லைப்பக்கம் போனாள்.

அங்கே சமைத்துக் கொட்டிய கிளிஞ்சல் ஓடுகள் குவிந்து கிடந்தன. உம்மா கடற்கரை ஊர்க்காரி, சுண்ணாம்பு சுடத் தெரிந்தவள். குழி வெட்டி, கரியும் ஓடுமாக மாற்றி மாற்றி அடுக்கி, வாப்பாவும் அவளும் நாள் முழுக்க விசிறினார்கள். மறுநாள் வெந்த ஓடுகளை ஒரு பீப்பாயில் போட்டு, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். பச்சைத் தண்ணீர். கீழே நெருப்பில்லை. ஆனாலும் பீப்பாய் உறுமியது. ஓடுகள் வெடித்து மாவாக உதிர்ந்தன. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி கூரைவரை எழும்பியது. உம்மா ஒரு கம்பால் கிண்டிக்கொண்டு அந்த ஆவிக்குள் நின்றாள். வாப்பாகூட இரண்டடி தள்ளித்தான் நின்றார். என் உம்மாவுக்குச் சொன்னால் தண்ணீர் கேட்கும் என்று அன்றைக்கு நம்பினேன்.

அடுத்த வீட்டுக்குக்கூட முக்காடும் குடையுமாகப் போகிறவள், அதற்கடுத்த நாள் பட்டப்பகலில், தெருவே பார்க்க, முந்தானையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பூஞ்சையைச் சுரண்டிவிட்டு, தேங்காய்மட்டைத் தூரிகையால் முன்சுவர் முழுக்க அடித்தாள். அடிக்கும்போது வெறும் தண்ணீர்போல இருந்தது. காயக் காய வெளுத்தது. மூன்றாம் பூச்சில் என் பச்சைச் சதுரம் போன இடம் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த கொத்தனார் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து, "நான் சொன்னேன்ல, எப்படி நிக்குது பாருங்க!" என்றார்.

அன்றைக்கு நான்காம் பூச்சு அடிக்கும்போதே அந்தச் சிப்பாய் வந்துவிட்டான். கூட இன்னொருவன். இருவரும் சுவரில் தேடினார்கள். இளையவன் இங்கும் அங்கும் விரலால் தட்டிப் பார்த்தான். கை வெள்ளையாயிற்றே தவிர ஒன்றும் அகப்படவில்லை. ஏணியடியில் நின்ற என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, அதேபோல் கதவைத் திறந்து காட்டினான். எங்கே?

எனக்குத் தெரியும். தெருவிலேயே எனக்குத்தான் சரியாகத் தெரியும். பெருமையோடு கையைத் தூக்கினேன்.

மேலிருந்து வாளி விழுந்தது. சுண்ணாம்பு என் தோளிலிருந்து விரல்வரை வழிந்து தீயாக எரிந்தது. நான் அலறினேன். சிப்பாயின் பூட்ஸ் இரண்டும் வெள்ளை. கூட வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாஃப், துவான், மாஃப்" என்று மலாயில் மன்னிப்புக் கேட்டபடி உம்மா இறங்கி வந்தாள். சிப்பாய் அவளை ஓங்கி ஓர் அறை விட்டான். தலைத்துணி விலகியது. உம்மா அதைச் சரிசெய்துகொண்டு, குனிந்து வாளியை எடுத்து, மறுபடி ஏணியில் ஏறினாள். அவர்கள் பூட்ஸை உதறிக்கொண்டு போய் லோரியில் ஏறி, அது தெருமுனை திரும்பும்வரை அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகுதான் இறங்கி ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

சாயங்காலம் ராத்தாவின் அறையில் உட்கார்ந்து உம்மாவைப் பற்றிக் குறை சொன்னேன். ஒரு வாளியைப் பிடிக்கத் தெரியவில்லை, சரியாக நான் காட்டப் போகிற நேரத்தில் கை நழுவ விட்டுவிட்டாள் என்றேன். ராத்தா என் கையை மடியில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதும் அழுவதுமாக இருந்தாள். எனக்காக ஒருவர் இவ்வளவு அழுவது அதுவரை நடந்ததில்லை. அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கடைசியில், அவ்வளவாக எரியவில்லை என்று நானே அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.