மூச்சக்காவின் மணல் பெட்டி

எக்ஸ்ரே அறையில் நின்று நாள் முழுக்க, "மூச்சை இழுங்க… பிடிங்க… விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. தான் சொன்னால் பெரிய பெரிய ஆட்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

வீட்டில் அவள் சொல்லுக்கு அந்த மரியாதை இல்லை. புருஷன் போன பிறகு கீழ்த்தளத்தில் அவளும் அவர் வளர்த்த பூனையும் மட்டும். அறை அறையாகப் போய் மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, எதுவும் சரியில்லை என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதால் பூனைக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார் அவர். மாடியில் நாத்தனாரும் அவள் புருஷனும் இருந்தார்கள். நாத்தனார் பாட்டு டீச்சர். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெட் வழியாக ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். குரல் நல்ல குரல். அதை மூச்சக்காவே மறுக்க மாட்டாள்.

மூச்சக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது. குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குனியாமல் எப்படிப் பூனை மணலை அள்ளுவது? வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் உடனே ஒரு தானியங்கி மணல் பெட்டியை வாங்கி வந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பார்க்கச் சலவை இயந்திரம் மாதிரி உருண்டையாக இருக்கும். பூனை உள்ளே போய்விட்டு வந்ததும் உருளை மெல்லச் சுழன்று, மணலைச் சலித்து, கட்டியை மட்டும் அடியிலிருக்கும் தட்டில் தள்ளிவிடும். தட்டை வெளியே இழுத்துக் கொட்டுவதற்கு மட்டும் வேலைக்கார அம்மா வாரத்துக்கு ஒருமுறை வருவாள். மற்றதெல்லாம் பெட்டியின் பாடு. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். நெட் அறுந்தால் ஆரஞ்சு விளக்கைப் போட்டுக்கொண்டு சண்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிடும்.

அந்த வைஃபை மாடியிலிருந்து வந்தது. புருஷன் இருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவர் போட்ட இணைப்பு. அவர் போனதும் நாத்தனார் வீட்டுக்காரர் அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். கீழே பெட்டி ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்ததால் மூச்சக்கா அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அறைந்தது. பெட்டியில் ஆரஞ்சு விளக்கு. உள்ளே போக மனமில்லாத இன்ஸ்பெக்டர் செருப்பு ஸ்டாண்டைப் பயன்படுத்தியிருந்தார். மூச்சக்கா மாடிப்படியின் அடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, நெட் வரலையே? மேல வருதா?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "பேரு, பாஸ்வேர்டு ரெண்டையும் மாத்திட்டோம் அண்ணி. யாரோ திருட்டுத்தனமா யூஸ் பண்றாங்களாம்."

"சரி, புதுசைச் சொல்லு. பெட்டி நின்னு போச்சு."

"எனக்கு ஞாபகம் இல்லையே. அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

அவர் வந்தார், போனார், மறுபடி வந்தார். பாஸ்வேர்டு மட்டும் படியிறங்கி வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "அய்யோ, மறந்தே போயிட்டேன் அண்ணி" என்று நாத்தனார் தலையில் தட்டிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் மூச்சக்கா இதைச் சொன்னபோது ரத்தம் எடுக்கும் பெண் சிரித்தாள். "அக்கா, உங்க வீட்டுல இப்ப நாத்தம் பெருசா, நாத்தனார் பெருசா?" மூச்சக்காவும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவளுக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. நீளக் காம்பு வைத்த கரண்டியை எடுத்துக்கொண்டு, மெதுவாக முட்டி போட்டு, பெட்டிக்குள் கையை விட்டாள். இடுப்பில் ஏதோ சுளீரென்று இழுத்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கன்னம் தரையில், மூக்குக்கு நேரே மணல். மேலே நாத்தனார் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"யாராவது வாங்களேன்! விழுந்துட்டேன்!"

கரண்டியால் அலமாரிக் கதவைத் தட்டினாள். மறுபடி கத்தினாள். பாட்டு நின்றது. அப்பாடா என்று மூச்சக்கா கண்ணை மூடிக்கொண்டாள். படியில் செருப்புச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. பிறகு பாட்டு திரும்பத் தொடங்கியது, முன்னைவிடச் சத்தமாக.

நாற்காலிக் காலைப் பிடித்து, ஊர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவளாகவே எழுந்தாள். எழுந்து நின்றபோது முகத்தில் கண்ணீர் இல்லை. இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குப்பை கொட்ட வெளியே வந்தவளின் காதில் படிக்கட்டிலிருந்து நாத்தனாரின் குரல் விழுந்தது. சித்தப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சித்தப்பா என்றால் குடும்பத்துக்கே பெரியவர், மூச்சக்காவுக்குச் சின்ன மாமனார். எழுத்தில் கீழ்த்தளம் மூச்சக்காவுடையதுதான். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் எழுத்தைவிட அவர் வாய்க்குத்தான் மதிப்பு.

"நான் ஒண்ணுமே சொல்ல வேண்டாம் சித்தப்பா. நீங்களே ஒரு தடவை வந்து மோந்து பாருங்க. அண்ணியால வீட்டைப் பாத்துக்க முடியல. சின்னதா ஒரு இடம் பாத்துக் குடுத்துட்டா அவங்களுக்கும் நிம்மதி. கீழ நான் பாட்டுப் பள்ளி வச்சுக்குவேன். இன்னும் ஒரு வாரம் போகட்டும், நாத்தமே பேசும்."

மூச்சக்கா குப்பைப் பையோடு அப்படியே திரும்பி உள்ளே வந்தாள். மனசு விசித்திரமாகத் தெளிந்திருந்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்ப்பது போல எல்லாம் எலும்பு எலும்பாகத் தெரிந்தது. மறந்தது, மாற்றியது, பாட்டைச் சத்தமாக்கியது. 'இருடி, உன்னை வச்சுக்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் மனசுக்குள்கூட 'டி' போட்டதில்லை.

கீழ்த்தளத்துக்குத் தனி இணைப்பு வேண்டுமென்று சொன்னாள், ஆள் வந்தார். பல் குத்தும் குச்சியைக் காதில் செருகியிருந்த அனுபவஸ்தர். மகள் பெட்டியை இணைத்தபோது என்ன செய்தாள் என்று மூச்சக்காவுக்குத் தெரியாது. போனில் பெட்டியின் ஆப்பைத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, விளக்கு சிமிட்டும்வரை காத்திருந்து என்று அவரும் மூன்று நான்கு விதமாகப் பார்த்தார். பெட்டி மசியவில்லை.

"அக்கா, இது வேகமான அலைவரிசையை எடுத்துக்காது. மெதுவானதுதான் வேணும். ஒண்ணு செய்யலாமா? பழைய வைஃபையோட பேரும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? புருஷன் வைத்த பெயர். பாஸ்வேர்டு அவர்கள் கல்யாண நாள்.

"அதே பேரை, அதே பாஸ்வேர்டை இந்தப் புது ரூட்டருக்கும் வச்சிடலாம். பழைய வீடுதான்னு நெனச்சுப் பெட்டி தானா வந்து ஒட்டிக்கும்."

அவர் விரல் போனில் தட்டிய சற்று நேரத்தில் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. நீல விளக்கு எரிந்தது. உருளை ஒரு பெருமூச்சு விட்டுச் சுழலத் தொடங்கியது. மணல் சலசலவென்று சரிந்தது. இன்ஸ்பெக்டர் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து அருகில் உட்கார்ந்து, சுழன்று முடியும்வரை கண் கொட்டாமல் பார்த்தார்.

இணைப்புக்காரர் போனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "வேற ஒரு லேப்டாப்பும் இதுல ஏறியிருக்கே. பாட்டு டீச்சர்னு பேரு போட்டிருக்கு. மேல இருக்கிறவங்களா? அவங்க லைன் வீக்கா இருக்கும்போல. பழைய பேரைப் பாத்ததும் இதுக்குத் தாவிடுச்சு. பேரை மாத்திவிட்டுடட்டுமா?"

மூச்சக்கா போனை வாங்கி அந்தப் பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான் இருந்தது.

"இது என்ன தம்பி?"

"அந்த மெஷினுக்கு மட்டும் நெட்டை நிறுத்துறதுக்கு. வைஃபை இருக்கிற மாதிரியே காட்டும், ஒண்ணும் வராது. பிள்ளைங்க படிக்காம வீடியோ பாத்துட்டு இருந்தா நிறுத்துவாங்கல்ல, அதுக்கு."

"மாத்த வேண்டாம். இருக்கட்டும்," என்றாள் மூச்சக்கா. "சொந்தக்காரங்கதானே."

அவள் அவசரப்படவில்லை. தன் நெட்டை நாத்தனார் நன்றாகச் சாப்பிடட்டும் என்று விட்டாள். "இப்பல்லாம் நெட் சூப்பரா வருது, எந்தத் தடங்கலும் இல்ல" என்று நாத்தனார் யாரிடமோ சொல்வது கேட்டபோது மூச்சக்கா துணி மடித்துக்கொண்டே தலையாட்டினாள். வீட்டில் நாற்றம் போய்விட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஜன்னல்களைச் சாத்தியே வைத்தாள்.

நாத்தனார் தன் மாணவர்களின் கச்சேரிக்கு நாள் குறித்தாள். பெற்றோர்கள், சொந்தபந்தங்கள் எல்லோரும் நெட்டில் பார்ப்பார்கள். முதலில் டீச்சர் பாடுவாள், பிறகு பிள்ளைகள். கடைசியில் புதுப் பாட்டுப் பள்ளியைப் பற்றி அறிவிப்பாள். அன்று காலையே மூச்சக்காவிடம் வீட்டு விஷயத்தைப் பேசி முடித்துவிடச் சித்தப்பா வருவதாக ஏற்பாடு.

அவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். "ஒண்ணும் நாறலையேம்மா?"

"எதுக்கு நாறணும் மாமா? உள்ள வாங்க. கச்சேரியை இங்கயே சேர்ந்து பாக்கலாம்."

போனைச் சாய்த்து வைத்து, அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புது ரூட்டரின் ஆப்பை இணைப்புக்காரர் போட்டுக்கொடுத்த பழைய போன் அவள் மடியில் இருந்தது. திரையில் நாத்தனார் பட்டுப்புடவையில் வந்தாள். அழகாகத்தான் இருந்தாள். மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போக மூச்சை இழுத்தாள்.

"பிடிங்க," என்று மூச்சக்கா வாய்க்குள் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

வாயைப் பிளந்தபடி நாத்தனார் உறைந்துபோனாள். ஒரு கண் பாதி மூடியிருந்தது. சித்தப்பா போனைத் தட்டிப் பார்த்தார். மாடியில் நாற்காலி நகர்ந்தது, தடதடவென்று நடக்கும் சத்தம் கேட்டது. மூச்சக்கா கொஞ்சம் பொறுத்து நெட்டை விட்டாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாத்தனார் திரும்ப ஆரம்பித்தாள். உச்சிக்கு வந்தாள். மூச்சக்கா மறுபடி பிடித்தாள். இந்த விளையாட்டு நடக்க நடக்கப் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாத்தனாரின் குரல் கம்மியது, புருஷன் மீது எரிந்து விழுந்தாள், அதுவும் எல்லோருக்கும் கேட்டது. மூச்சக்காவின் நெஞ்சில் இளஞ்சூடாக ஏதோ பரவியது. இவ்வளவு நாளில் அப்படி ஒரு சுகத்தை அவள் அனுபவித்ததில்லை.

கடைசியில் பாட வேண்டிய ஒரு சின்னப் பெண், தலை நிறையக் கிளிப்போடு, தன் முறைக்குக் காத்திருந்து உதடு பிதுங்க அழுவதும் திரையில் தெரிந்தது. அந்த ஒரு கணம் விரல் தயங்கியது. அப்புறமும் அழுத்தினாள்.

நாத்தனார் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "அண்ணி, உங்க வீட்டுல நெட் இருக்கா? எங்களுக்கு என்னமோ…"

மூச்சக்கா மடியிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினாள். "நான்தான் நிறுத்தினேன்."

நாத்தனாருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. "சித்தப்பா, பாத்தீங்களா! எவ்வளவு வஞ்சம்!"

"ஆமா, வஞ்சம்தான்," என்றாள் மூச்சக்கா. "நான் அங்க கீழ விழுந்து கெடந்தேனே, கத்தினேனே. உனக்குக் கேட்டுச்சா இல்லையா? அதை மட்டும் மாமா முன்னாடி சொல்லு."

உருளை தன்பாட்டுக்குச் சுழன்றது. நாத்தனார் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"கேட்டுச்சு," என்றாள் கடைசியில். "வந்தா பெட்டியைப் பத்திக் கேப்பீங்கன்னு… வரல."

சித்தப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பாட்டுப் பள்ளியைப் பற்றி அவர் எடுக்கவே இல்லை. "உன் அண்ணிக்கு இடுப்பு சரியாகிற வரைக்கும் அந்தத் தட்டை நீதான் வந்து கொட்டணும். வேலைக்காரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அன்றே, பட்டுப்புடவையோடு, நாத்தனார் முட்டி போட்டு உட்கார்ந்து தட்டை இழுத்தாள். குமட்டலை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கொட்டினாள். மூச்சக்கா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "மூலையில ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. அதையும் சுரண்டிடு."

அதன்பிறகு வாராவாரம் அவள் வந்தாள். பேச மாட்டாள், கொட்டுவாள், கை கழுவிக்கொண்டு போவாள். கச்சேரியோடு சில பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றுவிட்டதாக அவள் புருஷன் வாசலில் வருத்தத்தோடு சொன்னார். மூச்சக்கா "அப்படியா" என்றாள். கிளிப் போட்ட அந்தப் பெண்ணும் நின்றுவிட்டாளா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்தபோது டாக்டர் அவள் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிரமாதம் மூச்சக்கா. இனிமே தாராளமாக் குனியலாம்."

அவள் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் நாத்தனார் வழக்கம்போல வந்து கதவைத் தட்டினாள். மூச்சக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, மெதுவாக நடந்துபோய்த் திறந்தாள்.