சேனை வைக்காத பிள்ளை

சிங்காநல்லூர் மில்லில் வேலை செய்யும் இளவேனிலுக்கு எச்.ஐ.வி. இருப்பது, செத்துப்போன கணவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது; வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

"மாத்திரையை விட்டுராதீங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான், தண்ணிகூடக் கூடாது; கலந்து குடுத்தா பிள்ளைக்கு நோய் தொத்துற ஆபத்து அதிகம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்க நாத்தனார் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தாள். இளவேனில் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள்.

"என்ற கை உனக்கு ஆவாமப் போச்சா அம்மணி?"

காரணத்தைச் சொல்ல முடியவில்லை. ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீருக்காக முறித்துக்கொண்ட சொந்தம் அதன்பிறகு அவள் வீட்டுப் படியேறவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. பிள்ளைக்கு நோய் இல்லை.

கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்துச் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

"என்ன விசேசமுங்க?"

"பாப்பாவுக்குப் பொறந்த நாளுங்க" என்றாள்.