மோட்டார் அக்காவின் படபடப்பு

எங்கள் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் மோட்டார் அக்கா. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தன் டப்பாவைக் கழுவிவிட்டு, அடுத்தவள் டப்பாவையும் பிடுங்கிக் கழுவுவாள். பக்கத்து மெஷினில் இருக்கும் எனக்கு அவளைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். உண்மையில் மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.

அவள் நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியையும் அகலப்படுத்தினார்களாம். "நான் போடுற தையலே பிரியாது, டாக்டர் போட்டது பிரியுமா?" என்று கேலி பேசுவாள். வருடா வருடம் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். கல்யாணப் பேச்சு வந்ததும், எதுக்கு வீண் வம்பு என்று பிறந்த வீட்டில் அதை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு உதறல் உண்டு. வீட்டுக்குப் போன பிறகும் கை, தோள், நெஞ்செல்லாம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நாங்கள் யாரும் நோய் என்று நினைப்பதில்லை. அவளுக்கு மட்டும் அது ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது.

"லீவு நாள்லதான்டி படபடன்னு வருது. வேலையில்லாம உடம்பு தவிக்குது" என்று சொல்லி, ஞாயிறு ஓவர்டைமுக்கு முதல் ஆளாகக் கை தூக்கினாள். மெஷின் ஓடினால் படபடப்பு தெரியாது. அவள் கண்டுபிடித்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஒரு பிற்பகல் கரண்ட் போனது. அத்தனை மெஷின்களும் ஒரேயடியாக அடங்கின. வியர்வையைத் துடைத்துக்கொண்டே திரும்பினேன். அவள் கை மடியில் சும்மா கிடந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மட்டும் நெஞ்சின்மேல் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கரண்ட் போயிருச்சுக்கா" என்றேன், பைத்தியக்காரி மாதிரி.

"தெரியுதுடி. இது ஏன் நிக்க மாட்டேங்குது?" அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

சூப்பர்வைசர் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் கணவரும் ஓடி வந்தார். எக்கோ ஸ்கேன் பார்த்த டாக்டர், "பழைய ஆபரேஷன்ல குறை இல்லம்மா. ஆனா நுரையீரலுக்குப் போற அந்த வழியில இருக்கிற வால்வு இத்தனை வருஷமா கசிஞ்சு, இதயத்தோட வலது பக்கம் பெருத்துப்போச்சு. அதான் துடிப்பு தடம் மாறுது. ஒரு தடவை ஆபரேஷன் பண்ணிட்டாலும் ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

"தழும்பு தெரியும். படபடப்பைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கணவர் கத்தினார்.

"சொன்னா வேலைக்குப் போகாதேன்னு உட்கார வச்சிருவீங்க."

எனக்கு அவள்மேல் வந்த கோபம் அழுகையாகிவிட்டது.

புது வால்வு வைத்து, துடிப்பையும் சரிசெய்து, டாக்டர் சரியென்ற பிறகுதான் வேலைக்குத் திரும்பினாள். அடுத்த பரிசோதனைக்கான லீவை வந்த அன்றே கேட்டு வாங்கினாள். அந்த வாரமே கரண்ட் போனது. வெட்கமே இல்லாமல் அத்தனை பேரும் அவள் அட்டையைப் பார்த்தோம். அது அசையவே இல்லை.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே தெரியலையேடி. பயமா இருக்கு. ஓடுதா, பாரு."

"ஓடுதுக்கா."

கரண்ட் வந்தது. எல்லா மெஷின்களும் ஓடத் தொடங்கின. அவள் என் கையை விடவில்லை.