ஆரஞ்சு நாளில் சாரம் ஏறமாட்டேன்

அருக்காணிக்கு நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கும். போன வருஷம் மே மாதம், கிட்வாய் நகர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த வினை. டில்லிக்காரர்கள் ஆந்தி என்று சொல்லும் புழுதிப் புயல் அன்று சாயங்காலம் கிளம்பியது. வானம் செம்மண் நிறமாக மாறிய கையோடு காற்று வந்து, தகரத் தடுப்பைப் பிடுங்கி அவள் மேல் போட்டது. எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள், காலையிலேயே வானிலைத் துறை எச்சரிக்கை விட்டிருந்தது என்று. கால் வலியைவிட அந்தச் சொல்தான் அருக்காணியைச் சுட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்த சேதியைச் சாரத்தின் கீழே நின்றவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்தவள் அவள். ஹிந்தி சரளமாகப் பேசுவாள், படிக்கத்தான் வராது. கால் ஆறியதும் தினமும் காலையில் சப்பாத்தி சுட்டபடியே போனில் வானிலை அறிக்கையைக் கேட்க ஆரம்பித்தாள். முதலில் அந்தப் புத்தக ஹிந்தி பாதிக்குமேல் புரியவில்லை. வீட்டுக்காரன் மதியழகனைக் கேட்டால் அவனும் உதட்டைப் பிதுக்கினான். திரும்பத் திரும்பக் கேட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். வேலைக்குத் திரும்பிய பிறகு, கட்டட வாசலில் கூடும் மற்ற தமிழ்ச் சித்தாள்களுக்கு அதையும், அதில் வரும் எச்சரிக்கை நிறங்களையும் தமிழில் சொன்னாள்.

"மஞ்சள்னா கண்ணத் தொறந்து வெச்சுக்கங்க. ஆரஞ்சுன்னா ஒதுங்க எடம் பாத்து வெச்சுக்கங்க. செவப்புன்னா கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு ஒதுங்கிருங்க."

லூ என்னும் வெப்பக்காற்று வீசும் நாளில் வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பாள். மழைக்காலப் புழுக்கத்தில் வேர்வை காயாது, சூடு உடம்புக்குள்ளேயே நிற்கும். டிகிரி குறைவு என்று ஏமாறக் கூடாது என்பாள். மேஸ்திரி கருப்பசாமி அவள் ஊர்க்காரன், அவளைவிட இளையவன். "அக்கா டிவியில சேந்துரலாம்" என்று சிரித்துவிட்டுப் போவான்.

இந்த வருஷம் ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. இடியும் பலத்த காற்றும் வரக்கூடும் என்றார்கள். அன்றைக்கு நான்காவது மாடியில் கான்கிரீட் வேலை. மூன்று மணிக்கு மேல் காற்று அடியோடு நின்றுபோய், மேற்கே அடிவானம் பழுப்பேறியது. அருக்காணி தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள்.

"எல்லாரும் கீழ எறங்குங்க."

அவளோடு சட்டி தூக்கும் ராஜாத்தியும் மற்ற பெண்களும் இறங்கிவிட்டார்கள். வேலை பாதியில் நின்றது. ஆனால் புயல் வரவில்லை. பழுப்பு கலைந்து வெயிலே மறுபடி எட்டிப் பார்த்தது.

கருப்பசாமி முகம் சிவக்க வந்தான். "எங்கக்கா உன் புயல்? இஞ்சினியர் நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டுப் போறாரு."

"நொய்டாவுல கொட்டியிருக்குதாம் தம்பி. இடி மேகம் ஒரு பக்கம் நனைக்கும், இன்னொரு பக்கத்த விட்டுரும். வரலாம்னுதான் சொன்னாங்க. இங்கதான் வரும்னு யாரும் சத்தியம் பண்ணல."

"சத்தியமில்லாத ஒண்ணுக்கு வேலைய நிறுத்துவியா?"

"நிறுத்துவேன். விழுந்தா முறியறது எங்க எலும்பு."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. இனிமே இந்தப் பேச்சு இங்க கூடாது. முடியாதுன்னா வராத."

அருக்காணி முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அவளுக்கும் உள்ளே குறுகுறுத்தது. சொன்னது நடக்கவில்லையே. நடக்காமல் போனதற்காக வருத்தப்படுகிறோமா என்று நினைத்தபோது அவள்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. நல்லவேளை வரவில்லை என்றல்லவா இருக்க வேண்டும்?

வீட்டில் மதியழகன், "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்" என்றான்.

"எந்த வார்த்த? கூரை பறந்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்னா?"

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினாள். காவல்காரன் வாசலில் மறித்தான். உள்ளே போகாமல் ரோட்டோரமாகவே நின்று உரக்கச் சொன்னாள்: "இன்னைக்கும் ஆரஞ்சு. சாயங்காலம் காத்து வரலாம், வராமலும் போகலாம். நான் சாரம் ஏறமாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். ராஜாத்தி வாசலிலேயே தலைத்துண்டைத் தரையில் விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு எல்லோருமே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, சுமக்க ஆளில்லை.

கருப்பசாமி ஓடிவந்தான். "நீதானக்கா தூண்டி விடற?"

"அவ ஒண்ணும் தூண்டல" என்றாள் ராஜாத்தி. "அந்தத் தகரம் உன் மேல விழுந்திருந்தா நீ இன்னைக்கு மேல ஏறுவியா மேஸ்திரி?"

 கருப்பசாமி தள்ளிப்போய் இஞ்சினியரிடம் போனில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தான். "அச்சா. ஆரஞ்சுன்னா மேல் வேலைய மதியத்துக்குள்ள முடிச்சிருங்க. அப்புறம் கீழ செங்கல் அடுக்குங்க. உள்ள வாங்க."

அருக்காணி நகரவில்லை. "நேத்து சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"கேக்க வேணாம். ஜல்தி வாக்கா."

"தினமும் வேலைக்கு முன்னாடி அறிக்கையச் சொல்லுவேன்."

"சொல்லு. கொஞ்சம் சுருக்கா முடி."

அன்று சாயங்காலம் நாலு துளி விழுந்ததோடு சரி. கருப்பசாமி வானத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தாமல் செங்கல்லை அடுக்கினாள்.

அடுத்த வாரம் பீகார்க் கொத்தனார்கள் சிலர் வந்து, "அக்கா, எங்களுக்கும் சொல்லுங்க" என்று ஹிந்தியில் கேட்டார்கள். மறுநாளிலிருந்து கலவை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு செங்கல் குவியல்மேல் ஏறி நின்று, அவள் இரண்டு பாஷையிலும் சொன்னாள்.