சத்தம் போடாத புதுப் போன்

புது மாடல் வெளிவரும் நாளில் எங்கள் கடையில் யாரும் உட்காருவதில்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது கடை. ஐந்து பேர் நின்றாலே நிறைந்துவிடும். போன வருஷம் அந்த நாளில் வரிசை பக்கத்துப் பூக்கடை வரை போயிருந்தது. மாலையில் கடையின் லேண்ட்லைன் அடித்தது. அது அடிப்பதே அபூர்வம். எடுத்துப் பேசிய முதலாளி ரிஸ்வான் ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

“செல்வம் அண்ணே, உங்களுக்குத்தான். யாரோ சைனீஸ் ஆன்ட்டி. யாழினி பேரைச் சொல்றாங்க.”

யாழினி என் ஒரே மகள். உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். அந்த அழைப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நான் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடந்தது அந்த வேலையிலிருந்து வந்தது. கைத்தொலைபேசிக் கடைகளில் புதிதாகச் சேரும் இளையர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

புதுசா என்ன இருக்கு?

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ரிஸ்வானின் அப்பா காலத்தில் இந்தக் கடையில் சேர்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றும் இன்றும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இதுல புதுசா என்ன இருக்கு?”

ஆரம்பத்தில் இதற்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரு வருஷம் கலர் ஸ்கிரீன் வந்தது. பிறகு கேமரா வந்தது. பிறகு பட்டன்கள் போய் விரலால் தொடும் திரை வந்தது. வீடியோ கால் நன்றாக வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், துவாஸில் வெல்டராக இருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு செட் வாங்கினார். கடையிலேயே சிம்மைப் போட்டு ஊருக்கு அடித்துக் காட்டச் சொன்னார். அவர் சிங்கப்பூருக்கு வந்த பிறகு பிறந்த குழந்தை திரையில் தெரிந்தது. “அண்ணே, என் மூக்கு” என்றார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பின் வந்த வருஷங்களில் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. கேமரா கொஞ்சம் தேவலாம். ஓரம் கொஞ்சம் மெலிசு. புது நிறம். சிப் வேகம் அதிகம், ஆனால் பழைய சிப்பின் வேகத்தையே யாரும் முழுதாகப் பயன்படுத்தியதில்லை. மடக்கும் போன் வந்தபோது மட்டும் கூட்டம் கூடியது. மடக்கிப் பார்த்தார்கள், விலையைப் பார்த்தார்கள், மறுபடி மடக்கி வைத்துவிட்டார்கள். இப்போது ஏஐ. படத்தில் நமக்குப் பின்னால் நிற்கும் ஆளை அழித்துவிடலாம். அழிக்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேர் நம் பின்னால் நிற்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

ஒரு டாக்சி ஓட்டுநர், போன வருஷ மாடலை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தா நீங்களே கண்டுபிடிக்க மாட்டீங்க போல” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டாஃப் செட்

விற்பவன் கையில் பழைய போன் இருக்கக்கூடாது என்பது எங்கள் கடையின் வழக்கம். வெளியீட்டு நாளுக்கு முந்தைய மாலையே ஊழியர்களுக்கான செட் வந்துவிடும், ஸ்டாஃப் விலையில். முதல் நாளே கவரும் ஸ்கிரீன் புரொடெக்டரும் போட்டு, பெட்டியைப் பத்திரமாக வைத்து, அடுத்த வருஷ மாடல் வருவதற்குள் விற்றுவிடுவோம். அதனால் வருஷா வருஷம் மாற்றுவது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. என்னுடையதோடு சேர்த்து யாழினியின் போனையும் மாற்றிவிடுவேன்.

யாழினிக்குப் பன்னிரண்டு வயதில் நீரிழிவு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வகை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் மேல்கையில் டாலர் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது ரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் போன் கத்தும். சைலன்ட்டில் இருந்தாலும் கத்தும். என் போனும் கத்தும். என் மனைவி கவிதா சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். வேலை நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும். ஆகவே பகலில் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியவன் நான்தான்.

இந்த வருஷங்களில் உண்மையிலேயே புதிதாக வந்தது எது என்று கேட்டால் அந்தச் சென்சாரைத்தான் சொல்வேன். அதை நாங்கள் விற்பதில்லை.

வெளியீட்டுக்கு முந்தைய மாலை யாழினி பள்ளி முடிந்து கடைக்கு வந்தாள். பழைய போனைக் கொடுக்கத் தயங்கினாள்.

“அப்பா, இது நல்லாத்தானே இருக்கு? எதுக்கு சேஞ்ச் பண்ணணும்?”

“கேமரா நல்லா இருக்கும்மா.”

“போன வருஷமும் அதையேதான் சொன்னீங்க லா.”

சொன்னாளே தவிரக் கொடுத்துவிட்டாள்.

கடைக்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கவுன்டரில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து செட்டுகளுக்கு டேட்டா மாற்றிக்கொண்டிருப்போம். ஒவ்வொன்றுக்கும் பழைய செய்திகள் மொத்தமாக வந்து இறங்கும். எல்லாம் சேர்ந்து அடித்தால் தலை வெடித்துவிடும். அதனால் எந்தப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் முதல் வேலை அதை ஊமையாக்குவது. அடுத்து, ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்கும். சத்தம் போடலாமா, இடம் பார்க்கலாமா, மைக்கைத் திறக்கலாமா. படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ‘வேண்டாம்’ என்று தட்டிக்கொண்டே போவோம். வேண்டியவர்கள் பிறகு ஆன் செய்துகொள்வார்கள். கடைசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும் டோக்கன், செய்திகள், படங்கள் மூன்றும் வந்துவிட்டதா என்று பார்ப்போம். வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவது இந்த மூன்றுக்காகத்தான்.

யாழினியின் போனையும் என் போனையும் அப்படித்தான் தயார் செய்தேன். சர்க்கரை ஆப்பைத் திறந்தேன். எண் வந்தது. சரியாக இருந்தது. பழைய இரண்டையும் ரீசெட் செய்து, பழசைத் திருப்பிக் கொடுக்கும் டிரேட்-இன் பையில் போட்டு ஒட்டினேன்.

பொங்கோல் லூப்

மறுநாள் அவளுக்குப் பள்ளியில் நெட்பால் பயிற்சி. வழக்கத்தைவிடக் கடுமையான பயிற்சி. முடிந்து பொங்கோலில் எல்ஆர்டி என்ற குட்டி ரயிலில் ஏறியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கவில்லை. தூக்கம் வருவதுபோல இருந்தது என்று பிறகு சொன்னாள். போன் கத்தவில்லை என்பதால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. அந்தச் சத்தத்தை நம்பிப் பழகியவள்.

பொங்கோலில் ரயில் வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வரும். ஓட்டுநர் கிடையாது. இறங்காதவர்களை இறக்கிவிட ஆள் கிடையாது. பைக்குள் போன் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது, சிவப்பு நிறத்தில். என் மகள் அதோடு சுற்றிக்கொண்டிருந்தாள்.

திருமதி லிம் என்ற அம்மா காப்பிக்கடைக்குப் போவதற்கு அந்த ரயிலில் ஏறியிருக்கிறார். சாப்பாடும் தேத்தண்ணீரும் கட்டிக்கொண்டு திரும்பி ஏறியபோது, போகும்போது பார்த்த அதே பெண் அதே பெட்டியில் அதே மூலையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். பெயர் கேட்டால் உளறினாள். உடம்பெல்லாம் வியர்வை. சட்டைக் கைக்குக் கீழே சென்சாரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டிவந்த தேத்தண்ணீர்ப் பையின் ஸ்ட்ராவை யாழினியின் வாயில் வைத்துக் குடிக்கச் சொல்லி அதட்டியிருக்கிறார். நல்ல வேளையாக அவளால் விழுங்க முடிந்தது. அடுத்த நிலையத்தில் இறக்கி, ஊழியரைக் கூப்பிட்டு, பையிலிருந்த அவசர அட்டையைப் பார்த்து என் கைபேசிக்கு அடித்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. அட்டையில் இருந்த இரண்டாவது எண் கடையுடையது.

லேண்ட்லைனில் அவர் ஆங்கிலத்தில் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: “டோன்ட் வொரி, டோன்ட் வொரி, ஷி கேன் டாக் ஆல்ரெடி.”

ரிஸ்வான் என் கையிலிருந்த செட்டை வாங்கிக்கொண்டு, “போங்கண்ணே” என்றார். லிட்டில் இந்தியாவிலிருந்து பொங்கோலுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. ஏறிய பிறகுதான் என் பாக்கெட்டிலிருந்த புதுப் போனை எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன. எல்லாம் நேரத்துக்கு வந்தவைதான். ஒன்றுகூடச் சத்தம் போட்டிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் நிலைய அலுவலகத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது என்றார்கள். திருமதி லிம் பக்கத்திலேயே இருந்தார். தன் கணவருக்கும் இப்படித்தான் வரும் என்றார். ரயிலில் குடிக்கக் கூடாது என்பதால் அபராதம் போடுவார்களா என்று நிலைய ஊழியரிடம் இரண்டு தடவை கேட்டார். அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்றார்.

வேலை முடிந்து வந்த கவிதா என்னைத் திட்டவில்லை. பழைய போன் எங்கே என்று கேட்டாள். அழித்துப் பையில் போட்டாயிற்று என்றேன்.

“அது நல்லாத்தானே கத்திக்கிட்டு இருந்துச்சு” என்றாள்.

யாழினி என்னிடம் பேசியது மறுநாள் காலையில். “அப்பா, இனிமே என் போனை நானே பாத்துக்குறேன். நீங்க தொடாதீங்க, ஓகே?” கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்ட அந்தச் சத்த அனுமதியை அவளே தேடி ஆன் செய்தாள். என் போனையும் கேட்டு வாங்கி அதிலும் ஆன் செய்து, ஒருமுறை கத்த வைத்துக் காட்டினாள்.

இந்த வருஷம்

புது மாடல் வந்தது. யாழினியும் நானும் மாற்றவில்லை. ரிஸ்வானிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். “பழசைக் கையில வச்சுக்கிட்டு எப்படிண்ணே புதுசை விப்பீங்க?” என்றார். விற்பனைக்கு வேறு ஆளை நிறுத்துங்கள், டேட்டா மாற்றிக் கொடுக்கும் கவுன்டரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அந்தக் கவுன்டரில் இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் போனில் எந்தச் சத்தம் வராமல் போனால் உங்களுக்குக் கஷ்டம்? சிலர் எரிச்சல்படுகிறார்கள். “அண்ணே, சீக்கிரம் லா” என்கிறார்கள். ஆனால் பலர் யோசித்துப் பதில் சொல்கிறார்கள். டாக்சிக்காரருக்கு புக்கிங் வரும் சத்தம். இன்னொருவருக்கு, தாயார் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து வரும் அழைப்பு. அந்தச் சத்தத்தைக் கடையிலேயே ஒருமுறை அடிக்க வைத்துக் காட்டிய பிறகுதான் பழையதை அழிக்கிறேன். கடையில் இப்போது ஓயாத சத்தம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளப் போவதாக ரிஸ்வான் மிரட்டுகிறார்.

வருஷா வருஷம் மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் உண்மையைச் சொல்கிறேன். பேட்டரி நிற்கவில்லையென்றால் பேட்டரியை மாற்றுங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் போனை மாற்றுங்கள். நான்கைந்து வருஷ இடைவெளியில் மாற்றுகிறவருக்குப் புதியது புதியதாகவே தெரியும். ஒரு வருஷத்தில் மாற்றுகிறவருக்கு வித்தியாசத்தை நாங்கள்தான் தேடி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே சமயம், ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று விட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. பெட்டியில் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

வெளியீட்டு நாளன்று கூட்டம் நிறைந்திருந்தபோது என் பாக்கெட்டில் போன் கத்தியது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு அடித்தேன். உடனே எடுத்தாள்.

“கேட்டுச்சுப்பா. மைலோ குடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க வேலையைப் பாருங்க.”

கீழே வைத்த செட்டை மறுபடி எடுத்தேன். வரிசையில் முதலில் நின்றவர் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். மகளுடைய சர்க்கரை இறங்கினால் வரும் எச்சரிக்கை என்று சொன்னேன்.

“நல்ல வசதியா இருக்கே. இது புது மாடல்லதான் வருமா?”

“இல்லண்ணே. இந்தப் பழசுல வந்ததுதான்” என்றேன்.