இருவராகப் போங்கள்

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கணக்கியல் படிப்பித்த ஒரு தனியார் நிறுவனத்தில் நான் மாணவர் சங்கத் தலைவியாக இருந்தேன். போட்டியிட்டு வென்ற பதவி அல்ல. வடக்கிலிருந்து வந்திருந்த பெடியன்கள் தங்கள் பெயர் எதிலும் பதிவாவதை விரும்பவில்லை. நான் கொழும்பிலேயே பிறந்தவள், சிங்களமும் தெரியும். அதனால் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். சரஸ்வதி பூசைக்கு ஒழுங்கு செய்வதும், பழுதான மின்விசிறியைப் பற்றி அலுவலகத்தில் முறையிடுவதும்தான் அதுவரை என் வேலை.

அந்த மழைக்காலத்தில் ஒரு கதை பரவியது. வரிப் பாடம் எடுக்கும் விரிவுரையாளர், சந்தேகம் கேட்கப் போன ஒரு மாணவியிடம் தன் அறையில் தகாத முறையில் நடந்துகொண்டாராம். அவள் அழுதபடி படியால் இறங்கி ஓடியதைச் சிலர் கண்டிருந்தார்கள். மறுநாள் வகுப்புகளில் வேறு பேச்சில்லை. கூட்டம் வை, அவருடைய வகுப்பைப் பகிஷ்கரிப்போம் என்று என்னை நெருக்கினார்கள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனாலும் அவளைக் கேட்காமல் எதுவும் பேசக்கூடாது என்று கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன்.

அவள் வவுனியாவிலிருந்து வந்தவள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடியறையில் தன் அண்ணாவோடு வாடகைக்கு இருந்தாள். என்னை மேலே கூப்பிடாமல் மாதா கோயில் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடந்தது உண்மை என்றாள். ஒரு முறை மட்டுமல்ல என்றும் சொன்னாள். முறைப்பாடு எழுதித் தா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். மாட்டேன் என்றாள்.

"அக்கா, நாங்கள் இருக்கிற வீடு வரிப் பாட சேரின்ட தங்கச்சியின்ட. எங்களைத் தெரியும் எண்டு பொலிசில சொல்லிப் பதிஞ்சு விட்டதே அவர்தான். தெரியாது எண்டு அவர் ஒரு சொல்லுச் சொன்னால் அண்ணாவைக் கொண்டு போயிடுவாங்கள். நீங்கள் எடுத்துத் தருவீங்களோ?"

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் பொலிசில் பதிய வேண்டும், தெரிந்தவர் ஒருவர் அவர்களுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். அண்ணா வெளிநாடு போவதற்காகக் காத்திருந்தார். சுற்றிவளைப்புக்குப் பயந்து பகலில்கூட அறையை விட்டு வெளிக்கிடுவதில்லை. அவருக்கு இது எதுவும் தெரியாது. தான் சொன்னதையும், எழுத மறுத்த காரணத்தையும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் ஓம் என்றேன்.

பிறகு நிறுவனத்தின் பணிப்பாளரிடம் போனேன். யாருடைய பெயரும் சொல்லாமல், அந்த விரிவுரையாளரை நிறுத்தினாலே போதும் என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகத்தான் கதைத்தார். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒருவரை நிறுத்த முடியாது, விஷயம் பொலிசுக்குப் போனால் இங்கே படிக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனால் எனக்குக் கோபப்படக்கூட வழி இருக்கவில்லை.

கூட்டம் மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அவளும் வந்து பின்வரிசையில் இருந்தாள். வராமல் விட்டால் இன்னும் கதைப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

சங்கம் இதைக் கவனிக்கிறது, இப்போதைக்குப் பகிஷ்கரிப்பு வேண்டாம் என்றேன். சந்தேகம் கேட்க அவருடைய அறைக்குப் பெண்பிள்ளைகள் தனியாகப் போகவேண்டாம், இருவராகப் போங்கள் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று எனக்கே விளங்கியது.

கடைசி வருட மாணவன் ஒருவன் எழும்பினான். "நடந்தது உண்மையோ பொய்யோ? அதை மட்டும் சொல்லு."

"எனக்குச் சொல்ல ஏலாது."

பரீட்சையில் பாஸ் போட்டுத் தருவதாக சேர் சொல்லிவிட்டாரோ என்று இன்னொருவன் கேட்டான். பலர் சிரித்தார்கள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்வரிசையில் அவள் தலை நிமிரவில்லை.

அப்போது யன்னலோரமாக ஒரு பிள்ளை எழும்பினாள். வகுப்பில் வாய் திறந்து நான் காணாதவள். என்னைப் பார்க்காமல், தன் பையின் வாரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப, ஏற்கனவே தனியப் போன பிள்ளையள் என்ன செய்யிறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் அதுவே நடந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. பிறகு தனியாகக் கதைப்போம் என்றேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள். கூட்டம் கலைந்ததும் தேடினேன், போய்விட்டிருந்தாள். அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவேயில்லை. எங்கே தங்கியிருந்தாள் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

வகுப்புகள் தொடர்ந்தன. அவர் வழமைபோல வந்தார், கரும்பலகையில் எழுதினார், போனார். பெண்பிள்ளைகள் சில காலம் இருவராகப் போனார்கள். என்னோடு கதைப்பதைப் பலர் விட்டுவிட்டார்கள். சங்கத்துக்கு அடுத்த தலைவரைத் தெரிவு செய்தபோது நான் போகவில்லை.

மறு வருடம் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் அண்ணா லண்டன் போய்ச் சேர்ந்தார். செய்தி வந்த கையோடு அந்த அறையைக் காலி செய்துவிட்டு அவள் என்னைத் தேடி வந்தாள்.

"இப்ப எழுதலாம் அக்கா."

எழுதியதை எடுத்துக்கொண்டு இருவரும் பணிப்பாளரிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். அந்த விரிவுரையாளர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய்விட்டதாக அப்போதுதான் சொன்னார்.

"ஆள் இல்லாமல் நான் ஆரை விசாரிக்கிறது, பிள்ளை?" என்றார். எங்களிடம் உண்மையாகவே வழி கேட்பதுபோல இருந்தது அவர் முகம். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அவள் வேண்டாம் என்று எழும்பினாள்.

வெளியே, காலி நகருக்குப் போகும் பெருவீதியில் தூறல் போட்டது. அவள் அழவில்லை. தெஹிவளையில் வேறு பிள்ளைகளோடு தங்கியிருப்பதாகச் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போனாள். நான் வீதியைக் கடந்து என்னுடைய பஸ்ஸுக்காக நின்றேன்.